யார் செய்த வினை?

பிரசவத்தில் ஒரு பெண் இறந்துபோனால் நம் ஊரில் முதலில் எழும் சொல் 'விதி'. 'பிள்ளை முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை', 'அவள் வாங்கி வந்த வரம் அவ்வளவுதான்' என்று அடுத்தடுத்து வரும். சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. தாங்க முடியாததைத் தாங்குவதற்கு மொழி கையில் கொடுத்த ஊன்றுகோல் அது. ஆனால் இந்தப் பழைய சொல்லுக்கு, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து இப்போது ஒரு சாட்சி வந்திருக்கிறது. மகப்பேற்றுக்குப் பின் வரும் கடும் ரத்தப்போக்கில் பரம்பரைக்கும் பங்குண்டு என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. தலையில் எழுதியிருக்கிறது என்று பாட்டி சொன்னாள். செல்லுக்குள் எழுதியிருக்கிறது என்று விஞ்ஞானி சொல்கிறார். அப்படியானால் இருவர் சொல்வதும் ஒன்றுதானா? பிரம்மாவின் கையெழுத்தைத்தான் டிஎன்ஏ என்று பெயர் மாற்றி வாசிக்கிறோமா? இல்லை என்பதே என் பதில். பரம்பரை ஆபத்து பற்றிய அறிவு விதிக்குச் சாட்சி சொல்வதில்லை. விதியின் எல்லையைச் சுருக்குகிறது. முன்கூட்டி வாசிக்க முடிந்த எழுத்தை, நடந்து முடிந்த பிறகு தலையெழுத்து என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அந்த எழுத்து சுமத்துவது இறந்தவள்மேல் பழியை அல்ல, இருப்பவர்கள்மேல் கடனை.

நடப்பது என்ன என்று முதலில் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமாக ரத்தம் பாய்கிறது. கர்ப்பிணியின் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே ஐந்தாறு லிட்டர்தான். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். அந்த நொடியில் கர்ப்பப்பைத் தசை, பாட்டியின் இடுப்பில் செருகிய சுருக்குப்பையைக் கயிறு இழுத்து மூடுவதுபோல, சுருங்கி அந்தக் குழாய்களை நெரித்து அடைக்கிறது. அது முதல் காவல். ரத்தம் உறைந்து வாய்களை அடைப்பது இரண்டாவது காவல். இரண்டும் ஒழுங்காக நடந்தால் மருத்துவச்சி பெருமூச்சு விடுவாள். தசை தளர்ந்து கிடந்தாலோ, நஞ்சின் ஒரு துண்டு உள்ளே தங்கினாலோ, எங்காவது கிழிந்திருந்தாலோ, ரத்தம் உறையும் தன்மை குறைந்திருந்தாலோ உதிரம் நிற்காது. பிரசவித்த 24 மணி நேரத்துக்குள் அரை லிட்டர் போனாலே அதை மகப்பேற்று ரத்தப்போக்கு என்பது மருத்துவ வழக்கம். ஒரு லிட்டரைத் தாண்டினால் கடும் ரத்தப்போக்கு. பத்தில் ஏழு சமயம் காரணம் தசையின் தளர்ச்சிதான். சரியான கவனிப்பு கிடைக்காவிட்டால் ஒரு பெண்ணை இரண்டு மூன்று மணி நேரத்தில் கொண்டுபோய்விடக்கூடிய ஆபத்து இது.

இதில் பரம்பரை எங்கே வருகிறது? பழைய தடம் ஒன்று பின்லாந்துக்குச் சொந்தமான ஆலந்து தீவுகளில் கிடைத்தது. ஃபோக்லோ என்ற சிறு தீவிலிருந்து 1924-ல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை எரிக் ஃபான் வில்லெபிராண்ட் என்ற மருத்துவரிடம் கொண்டுவந்தார்கள். அவளுக்குச் சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிற்பதில்லை. அவளுடைய சகோதரிகளில் சிலர் ரத்தம் நிற்காமலே சிறுவயதில் இறந்திருந்தார்கள். மருத்துவர் அந்தக் குடும்ப மரத்தை வரைந்தார். 66 பேரில் 23 பேருக்கு அந்தக் கோளாறு இருந்தது, அதிலும் பெண்களுக்கே அதிகம். ரத்தம் உறையாமை ஆண்பிள்ளைகளின் நோய் என்று நம்பிய காலம் அது. 1926-ல் அவர் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையை உடைத்தது. அந்தச் சிறுமியோ வளர்ந்து, தன் நான்காவது மாதவிடாயில் ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். இன்று அந்த மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் அந்தக் கோளாறு 12-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பிழை என்று தெரியும். கர்ப்பகாலத்தில் அந்தப் புரதம் தானாகவே பெருகுகிறது. பிரசவத்துக்குப் பின் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே பிரசவ அறையில் எல்லாம் சரியாக இருந்தவளுக்கு, வீடு வந்து தொட்டில் கட்டிய பிறகும் உதிரம் திரும்பக்கூடும். அவளிடம் அம்மாவைப் பற்றியும் அக்காவைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது முன்பே தெரிந்திருக்கும்.

இது ஒற்றை மரபணுவின் கதை, அரிதானது. பொதுவாக நடப்பதைப் பற்றித் தெளிவாகப் பேசும் ஆய்வு ஸ்வீடனில் நடந்தது. 1997 முதல் 2009 வரையிலான 4,66,686 பிரசவங்களை எடுத்துக்கொண்டு, உடன்பிறந்தவர்களின் குடும்பங்களில் ரத்தப்போக்கு எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒப்பிட்டார்கள். 2014-ல் வந்த முடிவின்படி, யாருக்கு ஆபத்து கூடும், யாருக்குக் குறையும் என்ற வேறுபாட்டில் தாயின் மரபணுக்களுக்கு 18 சதவீதப் பங்கு. மரபணு அல்லாத, ஆனால் அந்தத் தாய்க்கே உரிய காரணங்களுக்கு 10 சதவீதம். குழந்தையின் மரபணுக்களுக்கு 11 சதவீதம். மீதி 61 சதவீதம் ரத்த உறவால் விளக்க முடியாதது, அந்தந்தப் பிரசவத்தோடு வந்து அதோடு போவது. 2024-ல் 21,000-க்கும் அதிகமான பாதிக்கப்பட்ட பெண்களின் மரபணுக்களை அலசிய இன்னொரு ஆய்வு, தாயின் மரபணுத் தொகுதியில் ஐந்து இடங்களைச் சுட்டிக்காட்டியது. அவற்றில் சில, கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனின் வேலையோடு தொடர்புடையவை. அந்த ஸ்வீடன் கணக்கில் நம் குடும்பங்கள் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குழந்தையின் மரபணுவில் பாதி தகப்பன் வீட்டுச் சொத்து. 'எங்கிருந்து இந்தச் சனியனைக் கட்டிக்கொண்டு வந்தோம்' என்று மருமகளின் பிறந்த வீட்டை நோக்கி நீளும் விரல், கணக்கை ஒழுங்காகப் போட்டால் புகுந்த வீட்டுப் பக்கமும் திரும்பும்.

18 சதவீதம் என்பதைத் தவறாகப் படிப்பதும் எளிது. ஒருத்தி இழந்த ரத்தத்தில் நூற்றுக்குப் பதினெட்டுச் சொட்டு பரம்பரையால் போனது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு நாட்டின் பெண்களுக்குள் ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாட்டில் பரம்பரை எவ்வளவு விளக்குகிறது என்பதே அது. தனி ஒருத்தியைக் காட்டி 'இவளுக்கு வரும், அவளுக்கு வராது' என்று சொல்ல அந்த எண்ணால் முடியாது. விதிக்கும் மரபணுவுக்கும் உள்ள முதல் வேறுபாடு இங்கேயே தெரிகிறது. விதியை முழுமையாக நம்பியவர்கள் ஆசீவகர்கள். மணிமேகலை, நீலகேசி வழியாகத் தமிழுக்கும் அறிமுகமானவர்கள். உருட்டிவிட்ட நூலுருண்டை தன் நீளம் தீரும்வரை பிரிந்துகொண்டே போகும், நடுவில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவர்களின் தலைவர் மற்கலியின் கொள்கையாகச் சொல்லப்படுகிறது. டிஎன்ஏவும் ஒரு நூல்தான். ஆனால் அது ஆசீவகரின் நூல் அல்ல. அது ஒரு சாய்வைத்தான் கொடுக்கிறது, முடிவைக் கொடுப்பதில்லை. சரிவான நிலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடப் பார்க்கும் என்று சொல்கிறது. வரப்பு கட்டுவதா வேண்டாமா என்பது நிலத்துக்காரர் கையில்.

சமயங்கள் இந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டன என்று பார்த்தால் வியப்பான ஒன்று தென்படுகிறது. ஒரே மரபுக்குள் இரண்டு குரல்கள் எப்போதும் இருந்திருக்கின்றன. யூதர்களின் மிஷ்னா கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட நெறிநூல். பெண்கள் பிரசவத்தில் இறப்பதற்கு மூன்று குற்றங்களைக் காரணமாகச் சொல்கிறது அது: மாதவிலக்கு விதிகளைக் காக்கத் தவறியது, பிசைந்த மாவில் காணிக்கைப் பங்கை எடுத்து வைக்காதது, ஓய்வுநாள் விளக்கை ஏற்றாதது. அதே மரபின் தல்முதில் செப்போரிஸ் நகரத்து நான்கு சகோதரிகளின் வழக்கு வருகிறது. முதல் மூவரின் மகன்களும் விருத்தசேதனத்தின்போது இறந்துபோனார்கள். நான்காமவள் ரப்பான் ஷிமோன் பென் கமலியேல் என்ற சமய அறிஞரிடம் வந்து நின்றாள். 'உன் மகனுக்குச் செய்யாதே' என்றார் அவர். விருத்தசேதனம் ஆபிரகாமோடு கடவுள் செய்த உடன்படிக்கையின் அடையாளம், யூத ஆணுக்கு அதைவிடப் பெரிய கட்டளை அரிது. அப்படிப்பட்ட கட்டளையே மூன்று அக்காமார்களின் துக்கத்துக்கு முன்னால் ஒதுங்கி நின்றது. நால்வரில் யார் விளக்கேற்ற மறந்தாள் என்று அவர் கேட்கவில்லை. குடும்பத்தில் என்ன நடந்தது என்று மட்டும் பார்த்தார். தாய்வழி இறங்கும் ரத்தக் கோளாற்றைப் பற்றி உலகில் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. அதைப் பதிவு செய்தது மருத்துவ நூல் அல்ல, சமய நூல்.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா இவனைப் பெற்றவர்களா என்று கேட்கிறார்கள். பரம்பரையையும் வினையையும் ஒரே மூச்சில் வைக்கும் கேள்வி அது. இயேசு இரண்டையும் மறுக்கிறார்; மறுத்துவிட்டுச் செய்யவேண்டியதைச் செய்கிறார், அவனுக்குப் பார்வை வருகிறது. பௌத்தத்தில் சீவகன் என்ற நாடோடித் துறவி புத்தரிடம், அனுபவிக்கும் இன்பதுன்பமெல்லாம் முன்வினையால்தான் என்று சிலர் சொல்வது சரியா என்று கேட்டதாகச் சங்யுத்த நிகாயத்தில் ஒரு சூத்திரம் உண்டு. பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவமாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல் என்று ஏழு காரணங்களை அடுக்கிய பின்னர்தான் எட்டாவதாக வினையைச் சொல்கிறார் புத்தர். எல்லாவற்றையும் வினையின் தலையில் கட்டுவது கண்ணால் கண்டதையே மீறிப் போவது என்பது அவர் கருத்து. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாமல் கலீஃபா உமர் திரும்பியபோது, இறைவனின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்டார்கள். ஒரு விதியை விட்டு இன்னொரு விதிக்கே போகிறேன் என்ற பொருளில் அவர் சொன்ன பதிலை இஸ்லாமியர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். தப்பிக்கும் வழியும் இறைவன் எழுதியதுதான் என்றால், அந்த வழியை அடைப்பவன் இறைவனுக்கு எதிராகவே நிற்கிறான்.

தமிழ் மரபு இந்த இரு குரல்களையும் ஒரே நூலில் வைத்தது. திருக்குறளின் 38-ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைச் சொல்லி, எதை எண்ணினாலும் அது முந்திக்கொள்ளும் என்று முடிகிறது. 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையோ சோர்வில்லாத முயற்சி ஊழையும் தோற்கடிக்கும் என்று முடிகிறது. வள்ளுவர் தடுமாறிவிட்டார் என்று சொல்வதைவிட, வாழ்க்கையில் இரண்டு சொற்களுக்கும் தனித்தனி இடம் உண்டு என்று அவர் கண்டதாகக் கொள்வதே பொருத்தம். சைவ சித்தாந்தம் இந்தப் பிரிவை இன்னும் கூர்மையாக்குகிறது. இப்பிறவியில் நுகர வந்த வினை பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஈட்டும் வினை ஆகாமியம். ஒரு பெண் ரத்தம் இழப்பது அவளுடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அவள் பக்கத்தில் நின்ற கணவன் ஆட்டோ பிடிக்கத் தாமதித்தது, மருத்துவமனை ரத்தம் இருப்பு வைக்காதது, அரசு டாக்டர் பணியிடத்தைக் காலியாக விட்டது, இவையெல்லாம் யாருடைய கணக்கில் ஏறும்? அவர்களுடைய ஆகாமியத்தில். வினைக்கொள்கையை முழுக்க நம்புகிற ஒருவரால், அதைக் காட்டிக் கைகட்டி நிற்க முடியாது. அவளுடைய பழைய கணக்கு தீரும் அதே நிமிடத்தில் அவருடைய புதுக் கணக்கு தொடங்குகிறது.

'முன்கூட்டி வாசிக்க முடிந்தது விதி அல்ல' என்பதை வெறும் சொல்லாக விடாமல் எண்களில் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2001-03-ல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள் என்று மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு சொன்னது. 2018-20-ல் அது 54. இந்தியா முழுவதற்கும் 301-லிருந்து 97-ஆக இறங்கியது. இடையில் ஒரு தலைமுறைகூட முழுதாக மாறவில்லை. அதே குடும்பங்கள், அதே மரபணுக்கள். மரபணுதான் விதி என்றால் இந்த இறக்கம் நடந்திருக்க முடியாது. முன்வினைதான் விதி என்றால், பதினேழு ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பெண்களின் முற்பிறவிகள் திடீரெனப் புண்ணியமடைந்தன என்று சொல்ல வேண்டியிருக்கும். மாறியது இரண்டும் அல்ல. இரவு இரண்டு மணிக்கும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும், கூப்பிட்டால் வரும் 108 வண்டியும், ஒவ்வொரு சாவுக்கும் காரணம் கேட்கும் தணிக்கையும் மாறின. உலக அளவில் 2023-ல் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்தார்கள், அவர்களில் 92 சதவீதம் பேர் குறைந்த வருமான, கீழ்நடுத்தர வருமான நாடுகளில் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. முகவரி பார்த்து வேலை செய்யும் விதி, விதியாக இருக்க முடியாது.

இன்னும் கிட்டே போனால் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு தெரியும். பிரசவித்த பெண்ணின் இடுப்புக்குக் கீழே விரித்து, அடியில் புனல்போல் தொங்கும் பையில் ரத்தம் சேரும்படி செய்தது. பையின்மேல் 300, 500 மில்லிலிட்டர் அளவுகளில் கோடு போட்டிருக்கும். துணியில் ஊறிய ரத்தத்தைக் கண்ணால் பார்த்து அளவு சொல்வது பழைய வழக்கம். அனுபவசாலிகளும் ஏமாறுவது அதில்தான். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், பழைய முறை ரத்தப்போக்கில் பாதியைத்தான் கண்டுபிடித்தது. விரிப்பு வந்த பிறகு நூற்றுக்கு 93 பிடிபட்டது. கோட்டைத் தொட்டவுடன் கர்ப்பப்பையைப் பிசைந்துவிடுவது, ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் ஒரே கொத்தாகச் செய்தார்கள். கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. யாருடைய மரபணுவையும் யாரும் சோதிக்கவில்லை. நம் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்துக் கிராமங்களில் 1,620 பெண்களிடம் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், கிராம செவிலியர் கையால் கொடுத்த மிசோபுரோஸ்டால் மாத்திரை ரத்தப்போக்கை 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாக, ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. மருத்துவமனையில் நெறிமுறைக்கு 'விதிமுறை' என்றும் பெயர் உண்டு. தமிழில் விதி என்ற ஒரே சொல் தலையெழுத்தையும் குறிக்கிறது, கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கையும் குறிக்கிறது. இரண்டாவது விதி தவறும் இடத்தில்தான் முதல் விதி நுழைகிறது.

டிரானெக்ஸாமிக் அமிலத்தின் கதை இதே வாதத்தை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962-ல் அந்த மருந்தை உலகுக்கு அறிவித்தார்கள். மகப்பேற்று ரத்தப்போக்குக்கு அது உதவும் என்று உடாகோ அப்போதே நம்பினார். ஆனால் சோதித்துப் பார்க்க மகப்பேற்று மருத்துவர்களை இணங்க வைக்க அவரால் முடியவில்லை. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2017-ல்தான் வந்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்களவு குறைகிறது என்று அது காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே, 98 வயதில், உடாகோ காலமாகியிருந்தார். மருந்து அலமாரியில் இருந்தது, கேட்க வேண்டிய கேள்வியை உலகம் கேட்காமல் இருந்தது. அப்படி அரை நூற்றாண்டு போயிற்று. அந்த இடைவெளியில் இறந்த தாய்மார்களைப் பற்றி 'விதி' என்று சொல்லியிருப்பார்கள்தான். இன்று திரும்பிப் பார்க்கும் நமக்கு அதை அப்படிச் சொல்ல நா எழவில்லை. அறிவு வளர வளர, விதி என்று நாம் புதைத்தவற்றில் சில அலட்சியம் என்று பின்னால் எழுந்து வருகின்றன.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது ஆன்மிகரின் மறுப்பு. மரபணு வினையை மறுக்கவில்லை. வினை தன் பயனை ஊட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் கருவி அது, இன்ன வயிற்றில் இன்ன உடம்போடு பிறப்பதே வினையால்தான் என்பார்கள். சமணர்கள் வினையை நுண்ணிய துகளாகவே கருதி, உடம்பின் அமைப்பையும் ஆயுளையும் குலத்தையும் தீர்மானிக்கும் வினைகளைத் தனித்தனியாகப் பெயரிட்டவர்கள். அவர்களுக்கு இந்த விளக்கம் அயலானதே அல்ல. இதை நான் பொய் என்று நிறுவ முடியாது, முயலவும் இல்லை. ஆனால் இந்த விளக்கம் எது நடந்தாலும் பொருந்திவிடுகிறது. அவள் பிழைத்தால் நல்வினை, இறந்தால் தீவினை. எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம், இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு ஒன்றும் சொல்வதில்லை. அங்கே வழிகாட்டுவது அதே மரபின் இன்னொரு பகுதியான அறமும் கருணையும்தான். தவிர, மரபணுவின் நடத்தை தண்டனையின் நடத்தையாகவும் தெரியவில்லை. ஐரோப்பியர்களிடம் பரவலாக உள்ள 'ஃபேக்டர் ஃபைவ் லைடன்' என்ற மரபணு மாற்றம் ரத்தத்தை எளிதில் உறையவைத்துக் கால் சிரைகளில் ரத்தக்கட்டி உண்டாக்கும்; அதனால் அதைக் கேடு என்போம். ஆனால் அதைச் சுமக்கும் பெண்கள் பிரசவத்தில் குறைவாக ரத்தம் இழக்கிறார்கள் என்று 1998-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரே எழுத்துப் பிழை ஓர் இடத்தில் சாபமும் இன்னோர் இடத்தில் வரமும் ஆகிறது. அதில் தீர்ப்பைத் தேடுவது, வெயிலில் நல்லெண்ணத்தைத் தேடுவது போன்றது.

இரண்டாவது மறுப்பு சமூகத்திலிருந்து வருகிறது. எனக்கு இதுதான் கனமாகப் படுகிறது. பரம்பரை ஆபத்து என்ற அறிவு நம் ஊரில் எங்கே போய்ச் சேரும்? கல்யாணத் தரகரின் பைக்குள். செவ்வாய் தோஷத்துக்கும் நாகதோஷத்துக்கும் பக்கத்தில் 'அந்த வீட்டுப் பெண்களுக்கு உதிரப்போக்கு உண்டாம்' என்று ஒரு புதுத் தோஷம் சேரும். பெண்ணைத் தள்ளிவைக்கக் காரணம் தேடுகிறவர்களுக்கு விஞ்ஞானம் முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும். இந்த அச்சத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவைச் சரியாகப் படித்தால் அதன் பாடம் நேர் எதிரானது. ரத்தப்போக்குக்கு ஆளாகும் பெண்களில் பலருக்கு முன்கூட்டிச் சுட்டிக்காட்டும்படி எந்தக் காரணமும் இருப்பதில்லை. அந்தந்தப் பிரசவத்தோடு வந்துபோகும் 61 சதவீதம் எந்த வீட்டுக் கதவையும் தட்டும். போதாக்குறைக்கு, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொன்னது. ஏற்கெனவே வெளிறியிருப்பவளுக்கு, இன்னொருத்தி தாங்கிக்கொள்ளும் அதே அரை லிட்டர் இழப்பு உயிருக்கே உலை வைக்கலாம். ஆகவே 'சுத்தமான பரம்பரை' என்று ஒரு பெண்ணைப் பொறுக்கி எடுக்கவும் முடியாது, 'தோஷக் குடும்பம்' என்று ஒருத்தியை ஒதுக்கவும் முடியாது. எல்லாப் பிரசவத்துக்கும் விரிப்பு, தெரிந்த ஆபத்துள்ளவளுக்கு அதற்குமேல் கூடுதல் ஏற்பாடு என்பதுதான் அந்த அறிவு சொல்லும் வழி. செப்போரிஸின் நான்காம் சகோதரிக்குக் கிடைத்தது விலக்கு, விலக்கிவைப்பு அல்ல. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் அறத்துக்கும் ஆசாரத்துக்கும் உள்ள தூரம்.

மூன்றாவது மறுப்பு வாதமாக வருவதில்லை, அழுகையாக வருகிறது. எல்லாம் செய்த பிறகும் ஒருத்தி இறந்துபோனால்? அப்போதும் விதி என்று சொல்லக்கூடாதா? சொல்லலாம், சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாயும் கணவனும் 'நான் அதைச் செய்திருந்தால்' என்ற முள்ளின்மேல் வாழ்நாள் முழுக்கப் படுத்திருப்பார்கள். மனிதர்கள் கட்டுப்படுத்த முடியாத ஒன்று உலகில் மிச்சமிருக்கிறது என்று ஒப்புக்கொள்வது அடக்கம். அந்த அடக்கத்துக்கு விதி நல்ல பெயர். ஆகவே எனக்கு எதிர்ப்பு அந்தச் சொல்லோடு அல்ல, அது வரும் நேரத்தோடு. கடைசியில் வந்தால் அது ஆறுதல். முதலில் வந்தால் அது மூடி. என்ன நடந்தது என்று யாரும் திறந்து பார்க்காதபடி பானையின்மேல் கவிழ்த்த மூடி. நம் முன்னோர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இல்லை என்பதற்குத் தமிழகத்துப் பழைய சாலையோரங்களிலும் யாழ்ப்பாணத்துப் பாதைகளிலும் கல் சாட்சி நிற்கிறது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக, இரண்டு தூண்களின்மேல் ஒரு பலகைக்கல்லைப் படுக்க வைத்துச் சுமைதாங்கி நட்டார்கள். தலைச்சுமையோடு போகிறவர் யார் துணையுமின்றி அதில் இறக்கிவைத்து இளைப்பாறலாம். ஒவ்வொரு சுமை இறங்கும்போதும் இறக்கிவைக்காமல் போன அவளுடைய சுமை கொஞ்சம் குறையும் என்பது நம்பிக்கை. அவளைப் பாவி என்று அந்தக் கல் சொல்லவில்லை. அவள் சுமையை ஊர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறது, தோள் உயரத்தில் நின்று, பேசாமல்.

அந்தப் பங்கீட்டை அவள் இறப்பதற்கு முன்பே தொடங்கலாம் என்பதுதான் பரம்பரை பற்றிய புதிய அறிவு சேர்த்துத் தருவது. அதற்கு மரபணுப் பரிசோதனைக் கூடம்கூட முதலில் வேண்டாம். கர்ப்பிணியின் அட்டையில் எழுதும் செவிலியர், எடையும் ரத்த அழுத்தமும் குறித்த பிறகு, இன்னும் ஒரு வரி கேட்டால் போதும்: 'உங்க அம்மாவுக்கோ அக்காவுக்கோ பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா? உங்களுக்குப் பல் பிடுங்கினா, மாதவிடாய் வந்தா, ரத்தம் சீக்கிரம் நிக்குமா?' ஆலந்துச் சிறுமியின் மருத்துவர் கேட்டது இதைத்தான், செப்போரிஸின் ரப்பி காதுகொடுத்தது இதற்குத்தான், ஸ்வீடன் ஆய்வாளர்கள் லட்சக்கணக்கில் எண்ணியதும் இதைத்தான். 'அக்காவுக்குப் போச்சு சிஸ்டர், மூணு பாட்டில் ஏத்துனாங்க' என்று அவள் சொன்னால், பிரசவம் ரத்த வங்கி உள்ள மருத்துவமனையில் என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதி, அவள் ரத்த வகையில் இரண்டு யூனிட் எடுத்து வைக்கலாம். யார் செய்த வினை என்ற கேள்விக்கு விடை அதற்குப் பிறகும் தெரியாமலே இருக்கலாம். யார் செய்ய வேண்டிய வினை என்பது மட்டும் அந்த அட்டையில் எழுதியிருக்கும்.